டிரெய்லர் வெல்டிங் விட்டுப்போவது ஏன்? ராடு வைக்கும் இடத்தையும் எடுக்கும் இடத்தையும் கவனியுங்கள்

உடைந்துபோன டிரெய்லர் சட்டத்தையோ கலப்பைக் காலையோ பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெல்டிங் ஓட்டத்தின் நடுவில் உடைந்திருப்பது குறைவு. பெரும்பாலும் வெல்டிங் தொடங்கிய முனையிலோ, முடிந்த முனையிலோதான் விரிசல் பிறந்திருக்கும். அங்கே துருப்பிடித்துக் கறுத்த, பிறை போன்ற சிறு தடம் தெரியும். அது பல மாதங்களாக வளர்ந்துகொண்டிருந்த விரிசல். மீதி இடம் வெள்ளையாகப் பளபளத்தால், அது கடைசி நாளில் ஒரே இழுப்பில் பிய்ந்த பகுதி.

விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் பக்கத்தில் மக்காச்சோளம் அறுவடை தொடங்கிவிட்டால் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. மூன்று நான்கு டன் ஏற்றிய டிரெய்லர், பாலத்து இறக்கத்தில் இழுவைச் சட்டம் விட்டுப்போய்த் தனியாக ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டைகளின் மேல் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் பைக் வந்துகொண்டிருக்கும்.

இப்போது பல விவசாயிகள் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினைச் சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். கலப்பைக் கால் வளைந்தால் டவுனுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் நடுவில் அழகாக ஓட்டம் போடக் கற்றுக்கொண்டவர்கள்கூட, ராடு வைத்துப் பற்ற வைப்பதையும் முடித்து எடுப்பதையும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. உடைவது அந்த இரண்டு இடத்தில்தான். எனவே இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியே.

பற்றுவது எப்படி?

மெஷினில் இருந்து இரண்டு கேபிள் வருகிறது. ஒன்று ராடு பிடிக்கும் ஹோல்டருக்கு, மற்றொன்று எர்த் கிளாம்ப்புக்கு. ராடு இரும்பைத் தொட்டதும் மின்சாரம் சுற்றி வருகிறது. தொடும் இடம் மிகச் சிறியது என்பதால் அங்கே கடுமையாகச் சூடேறுகிறது. அந்த நேரத்தில் ராடை லேசாகத் தூக்கினால், இடையில் உள்ள காற்றே சூடாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. கண்ணைக் கூசும் அந்த வெளிச்சத்தைத்தான் ஆர்க் என்கிறோம். இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி சூடு போதும். ஆர்க்கின் சூடு 5,000 டிகிரிக்கும் மேல். ராடின் மேல்பூச்சு எரிந்து புகையாகி, உருகிய இரும்பைக் காற்று படாமல் மூடுகிறது. மிச்சம் கசடாக மேலே படிகிறது.

பற்ற வைக்க 70, 80 வோல்ட் தேவை. பற்றிய பிறகு 20 முதல் 25 வோல்ட்டிலேயே ஓடும். லைனின் கடைசியில் இருக்கும் தோட்டத்தில், மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும்போது, பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினில் ராடு பற்றாமல் ஒட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம். ஆளின் கைக்குறை அல்ல. காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் பற்றவில்லையா? முதலில் எர்த்தைப் பாருங்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர், வேம்பார் என்று கடலோரத்தில் இரும்பைத் தின்பது உப்புக்காற்று. நேற்று தேய்த்த இரும்பு நாளை செம்மண் பூசியது போல் இருக்கும். துருவின் மேலும் பெயிண்டின் மேலும் எர்த் கிளாம்ப்பை மாட்டிவிட்டு மெஷினைக் குறை சொல்லக் கூடாது. கிளாம்ப் கடிக்கும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டர் வைத்துத் தேய்க்க வேண்டும். கிளாம்ப்பின் பல்லிலும் துரு ஏறியிருக்கும், அதையும் தேய்க்க வேண்டும். வெல்டிங் செய்யும் இடத்திற்குப் பக்கத்திலேயே எர்த் மாட்டுவது முக்கியம். டிரெய்லரின் முன்சட்டத்தில் வெல்டிங் வைத்துவிட்டுச் சக்கரத்தின் பக்கம் எர்த் மாட்டினால், மின்சாரம் பேரிங் வழியாகப் போய், உள்ளே இருக்கும் குண்டுகளில் பொத்தல் விழும். அந்தப் பேரிங் சீக்கிரம் சத்தம் போட ஆரம்பிக்கும். யாரும் அதை வெல்டிங்கோடு சேர்த்து நினைப்பதில்லை.

அடுத்தது ஈரம். கடற்காற்றில் பிரித்து வைத்த ராடு பாக்கெட் ஒரு வாரத்தில் ஈரம் குடித்துவிடும். சாதாரண வேலைக்கு எல்லோரும் வாங்கும் 6013 ராடை 100 முதல் 120 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் காய வைத்தால் தேறிவிடும். பலமான வேலைக்கு வாங்கும் 7018 ராடு அப்படியல்ல. அதற்கு 300 டிகிரிக்கு மேல் அடுப்பு வேண்டும். வெயிலில் காய வைப்பது அதற்குப் போதாது. ஈரத்தில் இருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங்கிற்குள் புகுந்து, ஒருநாள் கழித்துக்கூட விரிசல் விட வைக்கும். திறந்து கிடந்த 7018 ராடை வைத்து டிரெய்லர் சட்டத்தைத் தொடாதீர்கள்.

தட்டுவதா, உரசுவதா?

இரண்டு வழி உண்டு. தீக்குச்சியை உரசுவது போல ராடு முனையை இரும்பின் மேல் ஒரு விரற்கடை தூரம் இழுத்துத் தூக்குவது ஒன்று. நேராகக் கீழே ஒரு தட்டுத் தட்டித் தூக்குவது மற்றொன்று. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உரசுவது எளிது. ஆனால் அது இரும்பின் மேல் கோடு போடும். தட்டுவது பழகக் கொஞ்சம் நாளாகும், தடம் விடாது. குறுகிய இடத்தில் தட்டுவதே சரி.

தூக்கும் உயரம்தான் சூட்சுமம். ராடின் உள்கம்பி எவ்வளவு கனமோ ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி இருந்தால் போதும். 2.5 மி.மீ. ராடுக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான். அதிகம் தூக்கினால் ஆர்க் அணையும், அல்லது சடசடவென்று பொறி தெறிக்கும். குறைவாகத் தூக்கினால் ஒட்டிக்கொள்ளும். 7018 ராடை இன்னும் நெருக்கமாகப் பிடிக்க வேண்டும். அதை நீட்டிப் பிடித்தால் வெல்டிங்குக்குள் ஊசித்துளைகள் விழும்.

ஆம்பியர் எவ்வளவு வைப்பது என்று கேட்பார்கள். ராடு பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். பொதுவாக 6013 ராடுக்கு 2.5 மி.மீ. என்றால் 60 முதல் 95 ஆம்பியர். 3.15 மி.மீ. என்றால் 90 முதல் 130 வரை. ஓட்டத்தின் நடுவில் சரியாக இருக்கும் ஆம்பியர், தொடக்கத்தில் போதாதது போலத் தெரியும். இரும்பு குளிர்ந்திருப்பதால்தான் அப்படி. அதற்காக ஆம்பியரைக் கூட்டிவிடாதீர்கள், நடுவில் ஓட்டை விழும். தொடக்கத்தில் ஒரு நொடி நின்று, குளம் நன்றாக உருகி இரண்டு பக்க இரும்பையும் பிடித்த பிறகு நகருங்கள். 7018 பற்றவே மாட்டேன் என்கிறது என்றால், இன்வெர்ட்டர் மெஷினில் ஹோல்டர் கேபிள் பிளஸ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ராடு ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம். மணிக்கட்டைச் சட்டென்று திருப்பினால் விட்டுவிடும். விடாவிட்டால் ஹோல்டரின் வாயை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். ஒட்டிய ராடு சில நொடியில் செக்கச்செவேல் என்று பழுத்துவிடும். அதைக் கையால் பிடுங்கக் கூடாது. பழுத்த ராடின் மேல்பூச்சு கெட்டுவிடும் என்பதால் அதை மறுபடி பயன்படுத்தவும் கூடாது.

எங்கே பற்ற வைப்பது?

இது பட்டறைகளில்கூட அடிக்கடி தவறாகச் செய்யப்படுவது. வெல்டிங் தொடங்க வேண்டிய முனையில் நேராக ராடை வைக்காதீர்கள். அந்த முனையில் இருந்து ஒரு 10 மி.மீ. உள்ளே, இணைப்புக் கோட்டிற்குள்ளேயே பற்ற வையுங்கள். ஆர்க் நிலைத்ததும் பின்னோக்கி முனைக்கு வந்து, ஒரு நொடி நின்று, பிறகு முன்னோக்கிப் போங்கள். ராடு முதலில் தொட்ட குளிர்ந்த இடத்தின் மேல் ஓட்டம் மறுபடி போகும்போது அது முழுவதும் உருகிக் கலந்துவிடும். தொடக்கத்தில் விழுந்த ஊசித்துளையும் மேலே வந்து போய்விடும்.

இணைப்புக்கு வெளியே, பக்கத்து இரும்பின் மேல் ராடைத் தட்டிப் பற்றுகிறதா என்று சோதிப்பது சிலரின் பழக்கம். அது பார்ப்பதற்கு ஒரு மச்சம் போல இருக்கும். சாதாரண மென் இரும்பில் பெரிய கேடு இல்லை. ஆனால் கமான் பட்டையிலும், அச்சிலும், கலப்பைக் காலிலும், கொக்கியிலும் இருப்பது கரிச்சத்து அதிகமான உருக்கு. அந்தப் புள்ளி ஒரு நொடியில் உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் அடுத்த நொடியே உறைந்து போகிறது. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்குவது போலத்தான். கடினமாகும், ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத முடி விரிசல் இருக்கும். குண்டும் குழியுமான பாதையில் கமான் பட்டை ஒவ்வொரு முறை வளைந்து நிமிரும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளரும். பற்ற வைத்துச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரு துண்டுத் தகட்டைப் பக்கத்தில் போட்டு அதில் செய்யுங்கள். தவறி மச்சம் விழுந்துவிட்டால், அது முழுதாகப் போகும்வரை கிரைண்டரால் மெல்லத் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

சிறிய வெல்டிங்தானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற நார்வே நாட்டு மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். விசாரணையில், மேடையின் ஒரு தாங்கு குழாயில் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காகப் போட்டிருந்த 6 மி.மீ. வெல்டிங்கில் இருந்து விரிசல் தொடங்கியது தெரிந்தது. அந்த வெல்டிங் எந்தப் பாரத்தையும் தாங்குவதற்காகப் போட்டதல்ல. டிரெய்லரின் இழுவைச் சட்டத்தில் டூல்பாக்ஸ் மாட்டுவதற்கும், விளக்கு வயர் கட்டுவதற்கும் வளையம் ஒட்டுகிறோமே, அதுவும் அந்த வகைதான். அவற்றைப் போல்ட் போட்ட கிளாம்ப்பில் மாட்டுவதே நல்லது.

கப்பலுக்கும் வெல்டிங்குக்கும் உறவு பழையது. ஸ்வீடன் நாட்டின் ஆஸ்கர் ஷெல்பெர்க், ரிவிட் அடித்த கப்பல்களிலும் கொதிகலன்களிலும் ஒழுகும் இணைப்புகளை அடைக்க வழி தேடித்தான் மேல்பூச்சுள்ள ராடைக் கண்டுபிடித்தார். அவர் கம்பெனி தொடங்கியது 1904-ல். இரண்டு ஆண்டு கழித்து 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியாவும் லாவோவும் வந்த காலத்தில் கப்பல் என்றால் ரிவிட்தான். இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். புதிய துறைமுகம் திறந்தது 1974-ல். இன்று துறைமுகம், விசைப்படகு, உப்பளம், லாரி என்று தூத்துக்குடியில் வெல்டிங் இல்லாத தொழிலே இல்லை. நல்ல கைகாரர்கள் இங்கே உண்டு. அவர்களில் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று (கண்ணாடி போட்டுக்கொண்டு) பார்த்தாலே பாதி வேலை புரிந்துவிடும்.

எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

ஓட்டம் முடிந்ததும் ராடைச் சட்டென்று மேலே இழுத்துவிட்டால் என்ன நடக்கிறது? உருகிய குளம் ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி உறைகிறது. உறையும்போது இரும்பு சுருங்கும். நிரப்ப மேலே இரும்பு வராததால் நடுவில் குழி விழுகிறது. உலோகத்தில் இருக்கும் கந்தகம் போன்ற அழுக்கெல்லாம் கடைசியில் உறையும் அந்த நடுப்புள்ளிக்குத் தள்ளப்படுகிறது. ஆக, அந்த இடம் கனமும் குறைவு, தரமும் குறைவு. பல நேரம் அந்தக் குழிக்குள் நட்சத்திரம் போல மூன்று நான்கு சிறு விரிசல் இருக்கும். கசடு மூடியிருப்பதால் தெரியாது.

குழியை நிரப்பிவிட்டுத்தான் ராடை எடுக்க வேண்டும். முடிவுக்கு வந்ததும் நகர்வதை நிறுத்துங்கள். ஆர்க்கைக் குறுக்கி, சிறு வட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். குளம் மேட்டுக்கு வந்ததும், போட்ட ஓட்டத்தின் மேலேயே 10 மி.மீ. பின்னோக்கி வந்து, அங்கே ராடை எடுங்கள். ஆர்க் அணையும் இடம் இப்போது கனமான ஓட்டத்தின் மேல் இருக்கும், முனையில் இருக்காது. மெல்லிய தகட்டில் இப்படி நின்றால் ஓட்டை விழும். அதற்கு 6013 ராடில் வேறு வழி உண்டு. ராடை எடுத்து, குழி சிவப்பு மாறுவதற்குள் மறுபடி வைத்து ஒரு சொட்டு விட்டு எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் குழி நிரம்பிவிடும். 7018 ராடில் இந்த முறை வேண்டாம், ஒவ்வொரு முறை பற்றும்போதும் ஊசித்துளை விழும்.

தகட்டின் விளிம்பிலோ மூலையிலோ நிறுத்தாதீர்கள். பாரம் வரும்போது இழுப்பு அதிகம் விழுவது அங்கேதான். முடிந்தால் மூலையைச் சுற்றித் திருப்பி, அடுத்த பக்கத்தில் கொஞ்சம் ஓட்டி நிறுத்துங்கள். இரண்டு தகட்டை நேராகச் சேர்க்கும்போது முனையில் அதே கனத்தில் ஒரு துண்டை டேக் அடித்து வைத்து, ஓட்டத்தை அந்தத் துண்டு வரை கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டு, பிறகு துண்டை அறுத்து எடுத்துத் தேய்த்துவிடலாம்.

பாதியில் ராடு தீர்ந்துபோனால்? கசடைச் சுத்தியால் தட்டி, கம்பி பிரஷால் குழி பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, ஆனால் கசடின் மேல் வெல்டிங் போட்டால் அது மண்ணின் மேல் சாந்து பூசியது போலத்தான். புது ராடைக் குழிக்கு முன்னால் 10 மி.மீ. தள்ளி, இனி ஓட்டம் போக வேண்டிய கோட்டின் மேல் பற்ற வைத்து, பின்னோக்கிக் குழிக்கு வந்து, அதை நிரப்பி, பிறகு முன்னால் போங்கள். பாதி தீர்ந்த 7018 ராடை மறுபடி பற்ற வைக்கும்போது முனையில் கண்ணாடி போன்ற மூடி இருக்கும். துண்டுத் தகட்டில் மெல்லத் தட்டினால் அது உதிரும். பலமாக அடித்தால் மேல்பூச்சும் சேர்ந்து உதிர்ந்து ராடு வீணாகும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று ஓட்டம் போடும்போது, எல்லாவற்றின் தொடக்கமும் முடிவும் ஒரே இடத்தில் அமையாமல் தள்ளித் தள்ளி வையுங்கள்.

பழகுவதற்கு 6 மி.மீ. தகடு ஒன்று எடுத்துச் சாக்பீஸில் கோடு போட்டு, 5 செ.மீ. ஓட்டம், நிறுத்தம், மறுபடி தொடக்கம் என்று ஒரு பாக்கெட் ராடைத் தீர்த்துவிடுங்கள். முறையாகவே கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு அரசு ஐ.டி.ஐ.களில் ஓராண்டு வெல்டர் பிரிவு இருக்கிறது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்கி வருகிறது.

செய்யக் கூடாதவை

டிராக்டரோடு இணைத்திருக்கும்போது டிரெய்லரில் வெல்டிங் வைக்காதீர்கள். கழற்றிவிடுங்கள். டிராக்டரிலேயே வேலை என்றால் முதலில் பேட்டரியின் மைனஸ் வயரை, பிறகு பிளஸ் வயரைக் கழற்றுங்கள். காலியான டீசல் டிரம், மருந்து டிரம் எதையும் வெல்டிங் செய்யக் கூடாது. உள்ளே மிஞ்சிய ஆவி வெடிக்கும். கழுவினேன் என்பது போதாது. ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைக்கும் முன் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுங்கள், இல்லாவிட்டால் அந்த வெள்ளைப் புகை அன்று இரவே குளிர்காய்ச்சல் தரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது வெறும் பேச்சு.

வேர்வையும் ஈரத் தரையும் இருக்கும்போது 80 வோல்ட்கூட உயிரை எடுக்கும். காய்ந்த தோல் கையுறை, செருப்பல்லாத காலணி, காலுக்கடியில் காய்ந்த பலகை வேண்டும். சூடான ஹோல்டரைத் தண்ணீரில் முக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2.5 மி.மீ. ராடு வேலையை வீட்டின் 16 ஆம்பியர் பிளக் தாங்கும். 4 மி.மீ. ராடுக்கு 30 ஆம்பியர் வரை இழுக்கும், அதற்குத் தனி வயர் இழுக்க வேண்டும். கண்ணுக்கு 10 அல்லது 11 எண் கண்ணாடி. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை விரட்டிவிடுங்கள். ஆர்க் பட்ட கண் உடனே வலிக்காது. நள்ளிரவில்தான் மண் விழுந்தது போல உறுத்தும். கண்ட மருந்தையும் ஊற்றாமல் கண் டாக்டரிடம் போங்கள். பனையோலைக் கொட்டகை, பருத்தி மார், சோளத்தட்டை பக்கத்தில் வேலை செய்தால், முடிந்து அரை மணி நேரமாவது ஒரு ஆள் தண்ணீரோடு நிற்க வேண்டும்.

டிரெய்லரை எடுக்கும் முன்

கொக்கியே விரிசல் விட்டிருந்தால் வெல்டிங் வேண்டாம், புதிதாக மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். கொக்கியின் விலை ஒரு லோடு வாடகைக்கு மேல் போகாவிட்டாலும் சரி, போனாலும் சரி. சட்டத்தில் வெல்டிங் செய்திருந்தால் தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், தானாக ஆறட்டும். பட்டறையில் கொடுத்துச் செய்தாலும் நீங்களே செய்தாலும் பெயிண்ட் அடிக்க விடாமல் முதலில் பாருங்கள். நடுவில் இருக்கும் அழகை விட்டுவிட்டு, இரண்டு முனைகளைப் பாருங்கள். குழி இருக்கிறதா, வெளியே மச்சம் இருக்கிறதா?

சந்தேகம் இருந்தால் ஒரு பழைய முறை இருக்கிறது. நன்றாக ஆறிய வெல்டிங்கின் மேல் மண்ணெண்ணெய் அல்லது டீசலைத் துணியால் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் வெளியே ஊறி, வெள்ளைத் தூளில் ஈரக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அதன் மேலேயே வெல்டிங் பூசாதீர்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு, விரிசல் மறையும்வரை கிரைண்டரால் தோண்டி எடுத்து, மறுபடி நிரப்புங்கள். முதல் நாள் முழு லோடு வேண்டாம், பாதி ஏற்றுங்கள். இரண்டு நடை போய் வந்ததும் சாக்பீஸ் சோதனையை இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டு அப்புறம் பெயிண்ட் அடியுங்கள்.